எக்கோவில் ‘நுரையீரல் ரத்த அழுத்தம் அதிகம்’ என்று வந்தால் குழந்தைக்கு இதய நோயா?

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு மூன்றரை மாதம். நிறைமாதத்தில், நல்ல எடையோடு பிறந்தவள். அவள் அண்ணனுக்கு வந்த சளி இவளுக்கும் ஒட்டிக்கொண்டு, நான்காம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆர்.எஸ்.வி. வைரஸால் வந்த பிராங்கியோலைட்டிஸ், அதாவது நுண்ணிய மூச்சுக்குழாய்களில் அழற்சி என்றார்கள். ஆறு நாள் இருந்தோம். அதில் மூன்று நாள் மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் செலுத்தினார்கள். இதயத்தில் லேசான முணுமுணுப்பு கேட்கிறது என்று இரண்டாம் நாள் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்கள். ‘நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் சற்று அதிகம், இதயத்தின் மேலறைகளுக்கு இடையே சிறு திறப்பு’ என்று அறிக்கையில் இருக்கிறது. ஆறு வாரம் கழித்து மறுபடி எடுக்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. நன்றாகப் பால் குடிக்கிறாள், சிரிக்கிறாள். இருமல் மட்டும் போகவில்லை. என் மகளுக்கு இதய நோயா? நுரையீரலுக்குப் போகும் ரத்த ஓட்டம் நிரந்தரமாகக் கெட்டுவிட்டதா? முதல் நாள் நெபுலைசர் வைத்ததும் ஆக்சிஜன் 94இலிருந்து 89க்கு இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். அதுதான் காரணமா? குப்புறப் படுக்கவைத்தால் அங்கே அளவு ஏறியது. வீட்டிலும் அப்படிப் படுக்கவைக்கலாமா? ஒரு ஆக்ஸிமீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். ராத்திரியில் ஒரு மணிக்கு ஒரு தரம் பார்க்கிறேன். சில நேரம் 91 காட்டுகிறது. எனக்குத் தூக்கமே இல்லை.

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நீங்கள் காத்திருக்கும் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் மகளுக்கு இதய நோய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மூச்சுக்குழாய்கள் அடைபட்டிருந்த நாட்களில் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் ஒரு வேலை செய்தன. அந்த வேலையின் தடத்தைத்தான் எக்கோ படம் பிடித்திருக்கிறது. காற்று வழி திறந்ததும் அதுவும் தணிந்துவிடுவதே வழக்கம். குழந்தையை நேரில் தொட்டுப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மறக்கவில்லை. அதனால் ஆறாம் வார எக்கோவை நீங்கள் தவறவிடக் கூடாது. ஆனால் ‘நன்றாகப் பால் குடிக்கிறாள், சிரிக்கிறாள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நான்கு சொற்கள் எனக்கு அந்த அறிக்கையைவிடப் பெரிய சேதி.

நீங்கள் பயந்ததில் தப்பே இல்லை. அறிக்கையில் ஒரு வரியை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லாமல் அனுப்பிவிடுவது எங்கள் துறையில் அடிக்கடி நடக்கிறது. அந்த ஒரு வரி ஒரு தாயை எத்தனை ராத்திரி விழிக்கவைக்கும் என்று நாங்கள் யோசிப்பதில்லை. அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும். பொறுமையாகப் படியுங்கள், அவள் தூங்கும் நேரமாகப் பார்த்து.

மூச்சுக்குழாய் மரம்போலக் கிளை பிரிந்து பிரிந்து போகிறது. கடைசிக் கிளைகள் 2 மில்லிமீட்டருக்கும் குறைவான குறுக்களவு கொண்டவை. ஆர்.எஸ்.வி. பிடிப்பது அந்த இடத்தை. குழாயின் உட்பூச்சாக இருக்கும் செல்கள் வைரஸால் செத்து உதிர்கின்றன, உதிர்ந்தவை சளியோடு சேர்ந்து கெட்டியான அடைப்பாகின்றன, சுவரும் வீங்கிக்கொள்கிறது. சீராக ஓடும் காற்றுக்கு, குழாயின் ஆரம் பாதியானால் எதிர்ப்பு 16 மடங்காகும். பெரிய குழாயில் இந்த வீக்கம் ஒரு பொருட்டே இல்லை. மூன்று மாதக் குழந்தையின் குழாயில் அதுவே வாசலை மூடிவிடும். உங்கள் மகனுக்கு வெறும் சளியாக வந்து போனது தங்கைக்கு ஆஸ்பத்திரி வரை போனதற்கு முக்கியமான காரணம் இதுதான். உங்கள் கவனக்குறைவு இதில் எதுவும் இல்லை. இரண்டு வயது முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையாவது தொட்டுவிடும் வைரஸ் இது.

இந்த அடைப்பு நுரையீரல் முழுக்க ஒரே சீராக வருவதில்லை. திட்டுத் திட்டாக வரும். ஒரு குழாய் முழுதாக அடைபட்டால், அதற்கு அப்பால் உள்ள காற்றறைகளில் இருக்கும் காற்று உறிஞ்சப்பட்டு அவை சுருங்கிப்போகும். பக்கத்துக் குழாய் பாதி அடைபட்டிருந்தால் கதை வேறு: மூச்சு இழுக்கும்போது குழாய் சற்று விரிவதால் காற்று உள்ளே போய்விடுகிறது, விடும்போது குழாய் குறுகுவதால் வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்கிறது. அந்தப் பகுதி உப்பிப்போகும். பெரியவர்களுக்கு ஒரு காற்றறையிலிருந்து இன்னொன்றுக்குக் காற்று போக நுண்ணிய பக்க வழிகள் இருக்கின்றன. கைக்குழந்தைக்கு அவை இன்னும் சரியாக உருவாகவில்லை. அடைத்தது அடைத்ததுதான். ஆக, ஒரே நுரையீரலில் சுருங்கிய இடம், உப்பிய இடம், ஒன்றும் ஆகாத இடம் மூன்றும் அடுத்தடுத்து இருக்கும்.

இப்போது ரத்தத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியின் மையமே அதுதான்.

உடம்பைச் சுற்றிவந்த ரத்தம் முழுவதையும் இதயத்தின் வலது பக்கம் நுரையீரலுக்கு அனுப்புகிறது. அந்த ரத்தம் காற்றில்லாத ஓர் அறையைத் தாண்டிப் போனால், போன மாதிரியே ஆக்சிஜன் இல்லாமல் திரும்பிவந்து நல்ல ரத்தத்தோடு கலந்துவிடும். நல்ல காற்றறைகள் கூடுதலாக உழைத்து இந்தக் குறையைச் சரிக்கட்ட முடியாதா என்று தோன்றலாம். முடியாது. அங்கே போகும் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றி என்ன பயன்? காற்று ஓரிடம், ரத்தம் வேறிடம் என்ற இந்தப் பொருத்தமின்மைதான் பிராங்கியோலைட்டிஸில் ஆக்சிஜன் அளவு குறைவதற்கு முக்கியக் காரணம்.

இதைச் சமாளிக்க நுரையீரலுக்கென்றே ஒரு வழி இருக்கிறது. 1946இல் சுவீடனின் உல்ஃப் ஃபான் ஆய்லர், யோரான் லில்யெஸ்ட்ராண்ட் என்ற இருவரும் பூனைகளில் ஒன்றைக் கவனித்து எழுதினார்கள். சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனைக் குறைத்தால் நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறுகிறது. உடம்பின் மற்ற எந்த உறுப்பை எடுத்தாலும், ஆக்சிஜன் குறைந்தால் அங்குள்ள ரத்தக்குழாய்கள் விரிந்து கூடுதல் ரத்தத்தை வரவழைக்கும். நுரையீரலில் நேர்மாறு: காற்றறையில் ஆக்சிஜன் குறைந்தால், அதற்கு ரத்தம் கொண்டுவரும் சிறு தமனி சில விநாடிகளிலேயே இறுக ஆரம்பித்துவிடும். காற்று இல்லாத இடத்துக்கு ரத்தம் எதற்கு?

வயலுக்கு நீர் பாய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் தேவைப்படாத பாத்தியின் மடையை அடைத்துவிட்டால், தண்ணீர் தானாகத் தேவையுள்ள பாத்திக்குத் திரும்பும். நுரையீரலும் அப்படித்தான் மடை மாற்றுகிறது. அடைபட்ட பகுதியின் தமனி இறுகுகிறது, ரத்தம் காற்றுள்ள பகுதிக்குத் திரும்புகிறது. உங்கள் மகள் நோயின் உச்சத்தில் இருந்தபோதும் அவள் உடம்பு கேட்பாரற்றுக் கிடக்கவில்லை. ஒவ்வொரு நிமிடமும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே இருந்தது. எத்தனையோ வருடங்களாக இந்த நோயைப் பார்த்து வருகிறேன், இன்றும் எனக்கு இது வியப்பாகத்தான் இருக்கிறது.

சரி, அப்படியானால் அழுத்தம் ஏன் ஏறியது? இரண்டு மூன்று மடைகளை அடைத்தால் வாய்க்காலில் நீர்மட்டம் பெரிதாக மாறாது. பாதிக்கு மேல் அடைத்தால்? வரும் தண்ணீர் அதேதான், போக வழி குறைவு, வாய்க்கால் ததும்பும். நுரையீரலின் பெரும்பகுதி பாதிக்கப்படும்போது, காப்பாற்றவந்த அதே இறுக்கம் வலது இதயத்துக்குச் சுமையாகிவிடுகிறது. உங்கள் மகளின் அறிக்கையில் ‘சற்று அதிகம்’ என்று எழுதியது இந்த நிலையைத்தான்.

இதோடு இன்னும் இரண்டு மூன்று விஷயங்கள் சேர்ந்துகொள்ளும். காற்றறை அளவுக்கு மீறி உப்பினால், அதன் சுவரில் ஓடும் தந்துகிகள் என்ற மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நசுங்குகின்றன. சுருங்கினாலோ, காற்றறைகளுக்கு வெளியே ஓடும் சற்றுப் பெரிய குழாய்கள் வளைந்து நெருக்கப்படுகின்றன. நுரையீரல் இயல்பான அளவில் இருக்கும்போதுதான் ரத்தம் மிக எளிதாக ஓடும். கூடினாலும் சிரமம், குறைந்தாலும் சிரமம். மூச்சுவிட்டுக் களைத்துப்போன குழந்தையின் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி அமிலத்தன்மை ஏறினால் தமனிகள் மேலும் இறுகும்.

வயதும் ஒரு காரணம். கருவில் இருக்கும்போது குழந்தைக்கு மூச்சு வேலை கிடையாது, ஆக்சிஜன் தாயிடமிருந்து வந்துவிடும். அதனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு மட்டுமே நுரையீரலுக்குப் போகும். அங்குள்ள சிறு தமனிகள் தடித்த தசைச் சுவரோடு இறுகியே இருக்கும். பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் அவை விரியத் தொடங்கும். அந்தத் தடிப்பு முழுதாகக் கரைய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். உங்கள் மகள் அந்தப் பருவத்தை இப்போதுதான் கடந்துகொண்டிருந்தாள். இந்த வயதில் நுரையீரல் தமனிகள் சின்னத் தூண்டுதலுக்கும் சட்டென்று இறுகும். குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் நோயோடு இருக்கும் குழந்தைகள், பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் ஆகியோரிடம் ஆர்.எஸ்.வி. வரும்போது நாங்கள் கூடுதலாகக் கவலைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் மகள் அந்தப் பட்டியலில் இல்லை.

அந்த எக்கோ வரியை இன்னும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். எக்கோ கருவி அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. வலது இதயத்தின் வால்வு வழியாக லேசாகப் பின்னோக்கிக் கசியும் ரத்தத்தின் வேகத்தை அளந்து, அதிலிருந்து கணக்குப் போடுகிறது. வேகத்தை வர்க்கமாக்கி நான்கால் பெருக்க வேண்டும். விநாடிக்கு 3 மீட்டர் என்றால் 36 மில்லிமீட்டர் பாதரச அளவு. அதோடு இதயத்தின் வலது மேலறையில் உள்ள அழுத்தத்தையும் கூட்டிக்கொள்வார்கள். வேகத்தை அளப்பதில் சின்னப் பிசகு வந்தால் வர்க்கத்தில் அது பெரிதாகிவிடும். குழந்தை அழுதாலும் ஏறும், ஆக்சிஜன் குறைந்த நேரத்தில் எடுத்தாலும் ஏறும். நோயின் உச்சத்தில், இரண்டாம் நாள் எடுத்த ஓர் அளவு அது. வெயிலில் ஓடி வந்தவனின் நாடியைப் பிடித்துப் பார்த்து ‘உனக்கு எப்போதும் இப்படித்தான்’ என்று சொல்ல முடியாதல்லவா?

‘சிறு திறப்பு’ என்றது அநேகமாக ஃபோரமென் ஓவலே. கருவில் எல்லோருக்கும் இருந்த வழி. பிறந்த பின் மெல்ல மூடிக்கொள்ளும். மூன்று மாதத்தில் அது கொஞ்சம் திறந்திருப்பது சாதாரணம். வளர்ந்தவர்களில்கூட ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது முழுதாக ஒட்டாமலேயே இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவும் தெரியாது. நோய் கடுமையாக இருக்கும்போது மட்டும் இதற்கு ஒரு முக்கியத்துவம் உண்டு: வலது பக்க அழுத்தம் மிகவும் ஏறினால், ஆக்சிஜன் இல்லாத ரத்தம் இந்த வழியாக நுரையீரலைத் தொடாமலே இடது பக்கம் போய்விடலாம். எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தும் அளவு ஏறாத குழந்தைக்கு நாங்கள் எக்கோ எடுப்பது இதைத் தேடியும்தான். உங்கள் மகளுக்கு ஆக்சிஜன் கொடுத்ததும் அளவு ஏறி, மூன்று நாளில் அதை எடுக்கவும் முடிந்திருக்கிறது. அதுவே நல்ல அறிகுறி.

நெபுலைசர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த காட்சி எனக்கு மனப்பாடம். குழந்தையின் உள்ளங்காலைச் சுற்றி ஒட்டிய பட்டை, அதற்குள்ளிருந்து தோல் வழியாகக் கசியும் சிவப்பு வெளிச்சம். முகத்தருகே மாஸ்க், அதிலிருந்து வெண்புகை. அழுது ஓய்ந்து குழந்தை கொஞ்சம் அடங்குகிறது. அறையில் எல்லோரும் எண் ஏறும் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அது 94, 92, 91, 89 என்று இறங்குகிறது. மருந்து வேலை செய்யவில்லையா, கெடுதல் செய்துவிட்டதா என்று தாயின் முகம் வெளுத்துப்போகும்.

நடந்தது என்னவென்று இப்போது உங்களுக்கே புரியும். அது சால்பியூட்டமால் போன்ற மருந்தாக இருந்திருந்தால், மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துவதோடு ரத்தக்குழாய்த் தசையையும் தளர்த்தும். பிராங்கியோலைட்டிஸில் அடைப்பு தசை இறுக்கத்தால் வருவது குறைவு. வீக்கமும் சளியும் உதிர்ந்த செல்களும்தான் பெரும்பங்கு. ஆகவே காற்று வழி திறக்கவில்லை, ஆனால் மூடியிருந்த மடை திறந்துவிட்டது. காற்றில்லாத பகுதிக்கு மறுபடி ரத்தம் பாய்ந்தது, எண் இறங்கியது. ஆஸ்துமா நோயாளிகளில் இந்தத் தற்காலிக இறக்கத்தை 1960களிலேயே கண்டு எழுதியிருக்கிறார்கள். மருந்தின் வேகம் குறையும்போது மடை மறுபடி மூடிக்கொள்ளும். குழந்தை அழுததாலும் மாஸ்க்கோடு போராடியதாலும் பாதி இறக்கம் வந்திருக்கலாம். அதனால் நிரந்தரத் தீங்கு எதுவும் நேரவில்லை. எக்கோவில் தெரிந்த அழுத்தத்துக்கும் அது காரணம் இல்லை. சொல்லப்போனால், அந்த மருந்து ரத்தக்குழாயைத் தளர்த்தக்கூடியதுதானே.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிராங்கியோலைட்டிஸ் வந்த எல்லாக் குழந்தைக்கும் வழக்கமாக சால்பியூட்டமால் வைப்பதை 2014இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி தன் வழிகாட்டுதலில் வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. ஸ்டீராய்டும் அப்படியே. பலன் இல்லை என்பதுதான் காரணம். மூக்கைச் சுத்தமாக வைப்பது, தேவைக்கு ஆக்சிஜன், நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வது, பொறுமை: இந்த நோய்க்கு வைத்தியம் இவ்வளவுதான். ஆக்சிஜன் கொடுக்கும்போதும் மடைகள் திறக்கத்தான் செய்யும்; ஆனால் அங்கே காற்றறைக்கு ஆக்சிஜனும் கூடவே போய்ச் சேர்கிறது, அதனால் அளவும் ஏறுகிறது, வலது இதயத்தின் சுமையும் இறங்குகிறது. நுரையீரல் தமனியை விரிக்கும் மாத்திரை, நைட்ரிக் ஆக்சைடு வாயு ஆகியவற்றைப் பற்றி எங்காவது படித்து, ‘என் குழந்தைக்கு ஏன் தரவில்லை’ என்று கேட்காதீர்கள். வென்டிலேட்டரில் இருக்கும், அழுத்தம் மிக அதிகமான சில குழந்தைகளுக்கு மட்டும் யோசிக்கும் வழிகள் அவை. லேசான உயர்வுக்குக் காற்று வழி திறப்பதே மருந்து.

அப்புறம் அந்தக் குப்புறப் படுக்கை. ஆஸ்பத்திரியில் அது உதவியது உண்மைதான். குப்புறப் படுக்கும்போது நுரையீரலின் பின்பகுதி விரிந்து காற்றும் ரத்தமும் ஓரளவு பொருந்துகின்றன. படுக்கும் நிலையில் கைக்குழந்தைகள் எங்களையே குழப்பியிருக்கிறார்கள். ஒரு பக்க நுரையீரல் கெட்டிருந்தால், பெரியவர்களை நல்ல பக்கம் கீழே இருக்குமாறு படுக்கவைப்போம், அப்போது ஆக்சிஜன் ஏறும். குழந்தைகளிடம் நேர்மாறு, நல்ல பக்கம் மேலே இருந்தால்தான் ஏறுகிறது என்று 1983இல் ஓர் ஆய்வு காட்டியது. அவர்களின் விலாக்கூடு மிருதுவாக இருப்பதால் கீழே அழுந்தும் நுரையீரலுக்குக் காற்று சரியாகப் போவதில்லை. ஆனால் இதெல்லாம் கருவி பொருத்தி, பக்கத்தில் செவிலியர் இருந்து, விநாடிக்கு விநாடி பார்த்துக்கொள்ளும் இடத்தில் செய்வது. வீட்டில் குப்புறத் தூங்கவைக்கவே கூடாது. காரணமின்றித் தூக்கத்தில் குழந்தை இறந்துபோகும் ஆபத்து அதில் கூடுகிறது. வீட்டில் மல்லாக்க, சமமான உறுதியான படுக்கையில், முகத்தருகே தலையணையோ துணியோ இல்லாமல். இந்த ஒன்றில் மட்டும் விலக்கே வேண்டாம்.

இப்போது உங்கள் தூக்கத்தைத் தின்னும் ஆக்ஸிமீட்டர். நீங்கள் வாங்கியது விரலில் மாட்டும் கிளிப் வகையாக இருந்தால், அது பெரியவர்களின் விரலுக்காகச் செய்தது. குழந்தையின் குட்டிக் கால்விரலில் வெளிச்சம் பக்கவாட்டில் கசியும், காலை உதைத்தால் எண் தாறுமாறாகும், பாதம் சில்லென்று இருந்தால் குறைத்துக் காட்டும். அது மட்டுமில்லை. பிராங்கியோலைட்டிஸோடு வந்து, வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பப்பட்ட 118 குழந்தைகளுக்கு, எண் பெற்றோருக்குத் தெரியாதவாறு ஆக்ஸிமீட்டர் பொருத்தி அனுப்பிய ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. அவர்களில் 64 விழுக்காட்டினருக்கு, ஒரு நிமிடமாவது அளவு 90க்குக் கீழே இறங்கியிருந்தது. ஆனால் அப்படி இறங்கிய குழந்தைகள், இறங்காதவர்களைவிட அதிகமாக மருத்துவரிடம் திரும்பிவரவில்லை. எண்ணைப் பார்த்திருந்தால் அந்தப் பெற்றோர்களும் உங்களைப் போலத் தூங்காமல் இருந்திருப்பார்கள்.

அதற்காக உங்கள் 91ஐ நான் ஒதுக்கித் தள்ளவில்லை. அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இந்த வாரமே உங்கள் குழந்தை மருத்துவரிடம் போகும்போது அந்தக் கருவியையும் கையோடு எடுத்துப்போங்கள். அவர்களிடம் இருக்கும் குழந்தைகளுக்கான பட்டையை ஒரு காலிலும், உங்கள் கருவியை மறு காலிலும் மாட்டி, அவள் அமைதியாக இருக்கும்போது இரண்டையும் பாருங்கள். அவர்கள் கருவியில் 95க்கு மேல் இருந்து உங்களுடையது 91 காட்டினால், உங்கள் கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம். அவர்கள் கருவியிலும் நிலையாக 92க்குக் கீழே இருந்தால், ஆறு வாரம் காத்திருக்காமல் எக்ஸ்ரேயும் எக்கோவும் முன்னதாகவே எடுக்கச் சொல்வார்கள். அளவு 90ஐத் தொட்டோ அதற்குக் கீழோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ராத்திரியில் எண்ணுக்குப் பதிலாகக் குழந்தையைப் பாருங்கள். அவள் தூங்கும்போது சட்டையைக் கொஞ்சம் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்குவது வேண்டாம். குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது, கணக்கு தப்பும். அவள் வயதில் நிமிடத்துக்கு 50க்கு மேல் தொடர்ந்து போனால் அது வேக மூச்சு. விலா எலும்புகளுக்குக் கீழே தோல் உள்ளே குழிந்து குழிந்து போவது, மூக்குத் துவாரம் விரிவது, மூச்சை விடும்போது முனகுவது, பால் வழக்கத்தில் பாதிக்கும் கீழே குறைவது, 12 மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு இடையில் நின்று நின்று வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடந்தாலோ ஒரு நொடியும் யோசிக்க வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இருமலைப் பொறுத்தவரை, மூன்று வாரம் வரை நீடிப்பது இந்த நோயின் வழக்கம்தான். உதிர்ந்த செல்கள் மறுபடி முளைத்து, சளியைத் தள்ளும் நுண்மயிர்கள் திரும்பவும் வேலைக்கு வர அத்தனை நாள் பிடிக்கிறது.

நிரந்தரமாக ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆவதில்லை. குழாய் திறந்து காற்றறைக்கு ஆக்சிஜன் வந்தவுடன், தமனி இறுகி நிற்க வேண்டிய காரணமே போய்விடுகிறது. மிக அரிதாக, சில குழந்தைகளுக்குச் சிறு மூச்சுக்குழாய்கள் ஆறும்போது தழும்பேறி அடைந்துபோவதுண்டு, ஆர்.எஸ்.வி.யைவிட அடினோ என்ற வேறொரு வைரஸின் கடுமையான தொற்றுக்குப் பின்னால்தான் அதை அதிகம் பார்க்கிறோம். அங்கே காற்று வழி திரும்பத் திறப்பதில்லை, ஆகவே ரத்தமும் அந்தப் பகுதிக்குத் திரும்புவதில்லை. ஒரு பக்க நுரையீரல் முழுதும் அப்படி ஆனால் எக்ஸ்ரேயில் அந்தப் பக்கம் மட்டும் கருமையாகத் தெரியும். ரத்தக்குழாய்களின் நிழல் மெலிந்துபோனதால் வரும் கருமை அது. 1953இல் சுவையர், ஜேம்ஸ் என்ற இரு மருத்துவர்களும் அடுத்த ஆண்டு மெக்லியாட் என்பவரும் இதை விவரித்ததால் அவர்கள் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. அந்தக் குழந்தைகள் உங்கள் மகளைப் போல இருக்க மாட்டார்கள். வாரக்கணக்கில் மூச்சு வேகம் குறையாது, ஆக்சிஜனை நிறுத்த முடியாது, இழுப்பு ஓயாது. ஆர்.எஸ்.வி. வந்த குழந்தைகளில் சிலருக்கு அடுத்த சில வருடங்கள் சளி பிடிக்கும்போதெல்லாம் இழுப்பு வருவதுண்டு. அப்படி வந்தால் ரத்த ஓட்டம் கெட்டுவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம்; அது மூச்சுக்குழாய் சம்பந்தப்பட்டது, அதற்குத் தனியாக வைத்தியம் இருக்கிறது.

வீட்டில் யாரும் குழந்தை இருக்கும் இடத்தில் புகைபிடிக்கக் கூடாது என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஆறிக்கொண்டிருக்கும் உட்பூச்சுக்கு அதைவிடப் பெரிய பகை இல்லை. தடுப்பூசிகளை மருத்துவர் சொல்லும் நாளில் போட்டுவிடுங்கள், இந்த நோய்க்காகத் தள்ளிப்போட வேண்டாம். இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தால், கர்ப்ப காலத்தில் தாய்க்குப் போடும் ஆர்.எஸ்.வி. தடுப்பூசி 2023இலிருந்து சில நாடுகளில் வந்திருக்கிறது. குழந்தைக்கு நேரடியாகப் போடும் நிர்செவிமாப் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் இருக்கிறது. உங்களுக்கு அது கிடைக்குமா, பொருந்துமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் வார எக்கோவுக்குப் போகும்போது பால் கொடுத்து, அவள் தூங்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். அழும் குழந்தைக்கு எடுத்த எக்கோ மறுபடியும் உங்களைப் பயமுறுத்தும். மூன்று விஷயங்களை அந்த மருத்துவரிடம் கேளுங்கள்: நுரையீரல் தமனியின் அழுத்தம் இயல்புக்கு வந்ததா, வலது கீழறை தடிக்காமல் விரியாமல் இருக்கிறதா, இதயத்திலிருந்து நுரையீரலுக்கும் நுரையீரலிலிருந்து இதயத்துக்கும் போகும் குழாய்கள் எல்லாம் சரியான இடத்தில் இருக்கின்றனவா. மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால், அந்தச் சிறு திறப்பை எப்போது மறுபடி பார்ப்பது என்று மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அழுத்தம் இன்னும் குறையாமல் இருந்தால் குழந்தைகளுக்கான இதய மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும்; அப்போது இரண்டு அறிக்கைகளையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள், பார்த்து எழுதுகிறேன்.

இன்றிரவு கருவியை எடுத்து வைத்துவிட்டு, உங்கள் கணவரையோ வீட்டில் பெரியவர் ஒருவரையோ குழந்தையின் பக்கத்தில் இருக்கச் சொல்லி, நீங்கள் நான்கு மணி நேரமாவது ஒரே மூச்சாகத் தூங்குங்கள்.